ராணிப் படையும் சேரிப் பெண்ணும்: சில புத்தகங்களும் ஒரு பூட்டியும்

1

ஊரில் அவளுக்கு ‘மலாயாக்காரி’ என்றுதான் பேர். என் அம்மாவைப் பெற்றது அம்மாச்சி. அந்த அம்மாச்சியைப் பெற்றவள் இவள். எனக்குப் பூட்டி. நாற்றுப் பறிக்கும்போது மற்ற பொம்பளைகள் பாட்டுப் படிப்பார்கள். இவள் மட்டும் வாய்க்குள் ‘ஏக் தோ, ஏக் தோ’ என்று எண்ணிக்கொண்டே பறிப்பாளாம். என்னத்தா மந்திரம் சொல்ற என்று கேட்டால், “எண்ணாட்டி கை ஓட மாட்டேங்குது” என்பாளாம். நான் பால்வாடிக்குப் போகிற காலத்தில் செத்துப்போனாள். சிவகங்கைச் சீமையில் ஒரு சேரியில் அவளைப் புதைத்திருக்கிறோம். கல் கிடையாது.

இந்தப் பூட்டி 1943 கடைசியில் சிங்கப்பூரில் ராணி ஜான்சிப் படையில் சிப்பாயாகச் சேர்ந்தவள். 1944இல் ரங்கூன் போனவள். 1945இல் அங்கிருந்து பின்வாங்கி நடந்தவள். சேரும்போது அவளுக்குப் 17 வயசு இருக்கும். அம்மாச்சிக்கு இப்போது 78 ஆகிறது. அது சொன்னதும், என் அம்மா சின்னப் பிள்ளையில் கண்ணால் பார்த்ததும்தான் என் கையில் இருக்கிற சான்று. கூட ஒரு பழைய சிவப்பு அடையாள அட்டை. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

அதனால் புத்தகங்களைத் தேடிப் போனேன். ராணிப் படையைப் பற்றிப் புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. தளபதி எழுதியது இருக்கிறது, அதிகாரிகளைப் பற்றி எழுதியது இருக்கிறது, வெள்ளைக்கார ஆய்வாளர்கள் எழுதியது இருக்கிறது, தமிழில் அந்தப் போர்க்காலத்தைப் பற்றி நாவல்கள் இருக்கின்றன. என் பூட்டி இவை எல்லாவற்றிலும் இருக்கிறாள், எண்ணிக்கையாக. ஒரு ஆளாக எதிலும் இல்லை. அப்படி இல்லாமல் போனது எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

அவள் பேரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அம்மாச்சி வேண்டாம் என்றது. “உசுரோட இருக்கையில பேரச் சொல்லிக் கூப்புடாத ஊரு, இப்ப எழுதுனா வாசிக்கவா போகுது? மலாயாக்காரின்னே எழுதத்தா” என்றது. பேர் இல்லை என்று பிராது கொடுக்கிற கட்டுரையில் நானே பேரை மறைக்கிறேனே என்று கேட்கலாம். இத்தனை காலம் எங்களைக் கேட்காமல் விட்டுவிட்டார்கள். இப்போது நாங்களாக யோசித்து வைத்துக்கொள்கிறோம். இரண்டும் ஒன்றில்லை.

2

எம்.ஏ. தமிழ் படித்தபோது புறநானூறு பாடம் இருந்தது. மூதின் முல்லை என்றால் என்ன என்று பத்து மார்க்குக் கேள்வி தவறாமல் வரும். வீட்டு ஆண்கள் களத்தில் செத்த பிறகும், போர்ப்பறை கேட்டவுடன், மிச்சம் இருக்கிற ஒரே பிள்ளையின் தலையில் எண்ணெய் தடவிச் சீவி, வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிற தாய். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. வகுப்பில் பேராசிரியருக்குக் குரல் தழுதழுக்கும். நாங்களும் எழுதி மார்க் வாங்கினோம்.

போர் என்று வந்தால் தமிழ் இலக்கணம் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிற வேலை இவ்வளவுதான். அனுப்புவாள், அழுவாள், கைம்மை நோற்பாள், நெருப்பில் விழுவாள். அதே புறநானூற்றில் போர்க்களத்தில் பறையடித்த துடியன் இருக்கிறான், புலையன் இருக்கிறான். அவர்களை வகுப்பில் அருஞ்சொற்பொருள் சொல்லிக் கடந்துவிடுவார்கள். அவர்களும் போருக்குப் போனவர்கள்தானே, அவர்கள் வீட்டுப் பெண் என்ன செய்தாள் என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருத்தி துப்பாக்கி தூக்கியிருக்கிறாள் என்பதே எனக்கு அப்போது தெரியாது. அம்மா அதைச் சொல்லத்தக்க விஷயம் என்று நினைக்கவில்லை. படிக்கிற பிள்ளை, எதுக்குக் கூலிக்குப் போன கதை என்று விட்டுவிட்டது. நான் வகுப்பில் ஒரு தாயை மனப்பாடம் செய்த காலத்தில் வீட்டில் ஒரு சிப்பாய் இல்லாமல் போயிருந்தாள். படிப்பு எங்களுக்கு என்ன கொடுத்தது என்று பேசும்போது, எதை வாங்கிக்கொண்டது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது.

3

பூட்டி படையில் ஏன் சேர்ந்தாள் என்று கேட்கும் முன்னால், எதை விட்டுவிட்டுச் சேர்ந்தாள் என்று பார்க்க வேண்டும். ராணிப் படையைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் 1943 ஜூலை 2ஆம் தேதி, சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கிய நாளில் தொடங்குகின்றன. தோட்டத்துப் பெண்ணின் கதை அங்கே தொடங்கவில்லை.

கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஆள் பிடித்து நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேற்றிய காலத்தில், மலாயாவின் கித்தாத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும் பகுதி நம் சனம். பறையர், பள்ளர், சக்கிலியர். கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பயமுறுத்தியது. போகவில்லை. கங்காணியோடு சேர்ந்து கப்பலேறியது. தோட்டத்தில் நம் ஆட்களுக்குத் தனி லயம் போட்ட இடங்கள் உண்டு. விடியுமுன் பெரட்டு. கிராணி பேர் வாசிப்பார். அப்புறம் உளியும் வாளியுமாக நிரைக்குப் போக வேண்டும். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும். கிராணி வந்தாலும் இறங்க வேண்டும்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளை எடுத்துப் பாருங்கள். கூலி உயர்வு இருக்கிறது. அதோடு, துரைமார் முன்னால் சைக்கிளில் போக உரிமை வேண்டும், துரைமாரும் மற்ற அதிகாரிகளும் எங்கள் பெண்களிடம் வாலாட்டுவதை நிறுத்த வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. இது கூலிப் போராட்டம் மட்டுமில்லை. மானத்துக்கான போராட்டம். ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் செத்தார்கள். சுட்டதும் இந்தியச் சிப்பாய்கள்தான். பூட்டி அந்த வட்டாரத்துத் தோட்டத்தில் பிறந்தவள், அப்போது அவளுக்கு 15 வயசு. அவளுடைய அய்யா சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று நின்றவர்களில் ஒருவர்.

அதே வருஷம் டிசம்பர் 8ஆம் தேதி சப்பான்காரன் மலாயாவில் இறங்கினான். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. துரைமார் ஓடிவிட்டார்கள். கித்தா வாங்க ஆளில்லை. அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கு, சாக்குத்துணி, வாழைமர நோட்டு. அப்புறம் சயாம். 1942இலிருந்து 1943 அக்டோபர் வரை சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டான். வெள்ளைக்காரக் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, ஒவ்வொரு கல்லிலும் பேர் இருக்கிறது, சினிமா இருக்கிறது. ஆசியக் கூலிகளில் எத்தனை ஆயிரம் என்று இன்றைக்கும் கணக்கு ஒத்துவரவில்லை. 90,000 வரை சொல்கிறார்கள். அதில் மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன தமிழர்கள் ஏராளம்.

அம்மாச்சி சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

“எங்க தாத்தாவச் சயாமுக்குக் கொண்டு போனானுக. மூணு மாசத்துல வந்துருவாகன்னு சொல்லித்தேன் கொண்டு போனது. வரல. அப்ப ஆத்தாளுக்குச் சடங்காகி ரெண்டு வருசம். சப்பான்காரன் லயத்துப் பக்கம் வந்தா கொமரிப் பிள்ளைகளக் கித்தாக் காட்டுக்குள்ள ஓட விட்டுருவாகளாம். மூஞ்சில கரியப் பூசிக்கிட்டுப் படுத்துக் கெடக்கும்களாம். அப்பத்தேன் லீக்குக்காரங்க வந்து பேசுனாங்க. பொம்பளப் பிள்ளைகளுக்குத் தனி கேம்பு, சோறு உண்டு, சப்பான்காரன் உள்ள வர மாட்டான்னாங்க. ஆத்தா கையத் தூக்கிருச்சு. அதோட ஆத்தா, ஒரு வாயி கொறையுமேன்னு விட்டுட்டா.”

4

இப்போது புத்தகங்களுக்கு வருவோம். கேப்டன் லட்சுமியின் தன்வரலாறு ஆங்கிலத்தில் 1997இல் வந்தது. படையின் அதிகாரியாக இருந்து பின்னால் மலேசியாவில் பள்ளித் தலைமையாசிரியையாகப் பேர் பெற்ற ராசம்மா பூபாலனின் வாழ்க்கை வரலாறு 2007இல் வந்தது. ஜாய்ஸ் லெப்ரா எழுதியது 2008. வேரா ஹில்டெப்ராண்ட் எழுதியது 2016. இவற்றைக் குப்பை என்று தள்ளுகிறவள் இல்லை நான். இவை இல்லாவிட்டால் என் அம்மாச்சி சொன்னதைப் பொருத்திப் பார்க்க எனக்கு ஒரு நாள் கணக்குக்கூடக் கிடைத்திருக்காது. லட்சுமி சாகும்வரை இடதுசாரியாக, கான்பூரில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். படையில் பெருவாரியானவர்கள் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள் என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். ஒப்புக்கொண்டுவிட்டு, யாருடைய கதையைச் சொல்கிறார்கள்? டாக்டர், வியாபாரி மகள், கான்வென்ட் படிப்புக்காரி. எழுதத் தெரிந்தவர் எழுதினார். இங்கிலீஷ் பேசத் தெரிந்தவர் பேட்டி கொடுத்தார். தோட்டத்துப் பெண் ‘அவர்கள்’ என்ற பன்மையில் வந்துபோகிறாள். ‘அவர்கள் எழுத்தறியாதவர்கள்’, ‘அவர்கள் உற்சாகமாகச் சேர்ந்தார்கள்’. ஒரு பெண் எழுத்தறியாதவள் என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிற எழுத்து, அவளுக்குக் கித்தா மரத்தில் பட்டை மட்டும் சீவி உள்மரத்தில் காயம் படாமல் பால் எடுக்கிற கைக்கணக்கு தெரியும் என்று ஒரு தடவை சொல்லலாமே.

தமிழ் நாவலுக்கு வந்தால் நிலைமை வேறு. எங்கள் சீமை சிங்கம்புணரியில் பிறந்தவர் ப. சிங்காரம். 1938இல் மேடான் போய், போர் முடிந்து திரும்பி வந்து ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்ற இரண்டு நாவல்களை எழுதினார். இரண்டிலும் போர் உண்டு, இந்திய தேசிய ராணுவம் உண்டு. தமிழில் அந்தப் போரை அவரைப் போல எழுதியவர் இல்லை என்பதை நானும் சொல்வேன். ஆனால் அவருடைய கண் செட்டியாரின் வட்டிக்கடைப் பெட்டியடியிலிருந்து பார்க்கிறது. கடைத்தெருவைப் பார்க்கிறது, துறைமுகத்தைப் பார்க்கிறது, மதுரை வீதிகளை நினைத்து ஏங்குகிறது. லயம் அந்தக் கண்ணுக்குத் தூரம். ஒரே சீமையிலிருந்து கப்பலேறியவர்கள்தான். அவர் பெட்டியடிக்குப் போனார், நாங்கள் பால்மரத்துக்குப் போனோம். லயத்திலிருந்து எழுந்த எழுத்து மலேசியத் தமிழரிடமிருந்து வந்தது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ இவற்றை நம் ஆட்கள் தேடிப் படிக்க வேண்டும். பேரில்லாமல் செத்த கூலிகளுக்கு இந்த எழுத்தாளர்கள் வைத்த நடுகல் அவை. ஆனால் ரயிலுக்குப் போனவனின் மகள் துப்பாக்கி பிடித்த கதைக்கு இன்னும் ஒருத்தி எழுத வர வேண்டியிருக்கிறது.

5

தோட்டத்துப் பெண் ஏன் சேர்ந்தாள் என்பதற்கு இரண்டு பதில்தான் புழக்கத்தில் இருக்கிறது. தேசியவாதி சொல்வது, தாய்நாட்டுப் பற்று. அதற்கு மறுப்புச் சொல்கிறவர்கள் சொல்வது, வயிற்றுப்பாடு. பற்று என்றால் மாலை போடுவார்கள். பசி என்றால் பரிதாபப்படுவார்கள். இரண்டிலும் அவளுக்கு மூளை கிடையாது.

அம்மாச்சி சொன்னதைத் திரும்ப வாசியுங்கள். சோறு இருக்கிறது, பயம் இருக்கிறது, ‘கையத் தூக்கிருச்சு’ என்பதும் இருக்கிறது. பெரட்டில் அடுத்தவன் வாசித்தால் மட்டும் ‘இருக்கேன்’ சொல்லிப் பழகிய பெண் தானாகக் கையைத் தூக்கினாள். அவளைக் கேட்காமல் அவள் தகப்பனை ரயில் பாதைக்கு எடுத்துக்கொண்டார்கள். அவளைக் கேட்டது இந்தப் படை ஒன்றுதான். சப்பான்காரனோடு கூட்டு வைத்த படை என்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை. அம்மா ஒரு தடவை கேட்டிருக்கிறது: ஒங்க அய்யாவக் கொன்னவனோட சேந்த படையில எப்புடி இருந்த என்று. “அவன் துப்பாக்கி வெளிய இருந்துச்சு. என் துப்பாக்கி என் கையில இருந்துச்சு” என்று பூட்டி சொன்னாளாம். இதைப் பற்று என்பதா, பசி என்பதா? அடிமைத்தனத்திலிருந்து ஓடிப்போவதற்கு அன்றைக்குத் திறந்திருந்த ஒரே கதவு அது. கதவு சரியில்லை என்று அவளுக்கும் தெரியும்.

இரண்டாவது சண்டை, ராணிப் படை உண்மையில் போரிட்டதா என்பது. மாலை போடுகிறவர்கள் இம்பால் வரை இழுக்கிறார்கள். அவர்கள் நேருக்கு நேர் சண்டையில் இறங்கவில்லை என்று ஹில்டெப்ராண்ட் வாதாடுகிறார். அவர் சொல்வதே சரியாக இருக்கட்டும். பூட்டியும் சுட்டதாகச் சொன்னதில்லை. இதனால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எத்தனை பேரைக் கொன்றாய் என்பதை வைத்துப் பெருமை அளக்கிற கணக்கு ராஜாக்களுடையது, பரணி பாடுகிறவர்களுடையது. அந்த முழத்தை வைத்து அளந்தால் எங்கள் பூட்டிகள் எப்போதும் குட்டைதான். அவளுக்கு எதிரி இம்பாலில் மட்டும் இருக்கவில்லை. பெரட்டுக் களத்தில் இருந்தான். பிற்பாடு ஊரில் இருந்தான்.

6

‘ராணிப் படையில் சாதி ஒழிந்தது’. இது எல்லாரும் எழுதுகிற வாக்கியம். இதை முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். பூட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தது துப்பாக்கியைப் பற்றியோ நேதாஜியைப் பற்றியோ அதிகம் இல்லையாம். சமையலைப் பற்றித்தான். அம்மா சொல்கிறது:

“ஒரே அண்டாவுல ஆக்கி, ஒரே வரிசையில ஒக்கார வச்சு ஊத்துவாங்களாம். கஞ்சிதேன், கெழங்குதேன், பெரிசா ஒண்ணுமில்ல. பக்கத்துல ஒக்காந்தவ என்ன ஆளுகன்னு தெரியாது. தெரிஞ்சவளும் எந்திரிக்கலன்னு சொல்லும். அதச் சொல்றப்ப மட்டும் குரலு மாறும்.”

‘தெரிஞ்சவளும் எந்திரிக்கல.’ இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக நான் படித்த புத்தகங்களில் ஒன்று கிடைக்கவில்லை. ஏனென்றால் சேர்ந்து சாப்பிட்டதை அவை வேறு திசையிலிருந்து சொல்கின்றன. பல சாதி, பல மதத்துப் பெண்கள் வேற்றுமையை ‘விட்டுக்கொடுத்து’ ஒன்றானார்கள் என்கின்றன. விட்டுக்கொடுக்க என்ன இருந்தது எங்களிடம்? விட்டுக்கொடுத்தவர் கதையாக அதைச் சொன்னால் மேல்சாதிக்காரரின் பெருந்தன்மை. கிடைக்கப்பெற்றவள் கதையாகச் சொன்னால், பல நூறு வருஷம் பிடுங்கி வைத்திருந்ததில் ஒரு கை சோறு. இந்த இரண்டையும் ஒன்றாக எழுதக்கூடாது.

அடுத்து, ஒழிந்த சாதி வேறு உருவத்தில் உள்ளே வந்ததா என்பதையும் கேட்க வேண்டும். படிப்பு இருந்தவர் அதிகாரி, படிப்பில்லாதவர் சிப்பாய். 1943இல் மலாயாவில் எந்தச் சாதிப் பெண்ணுக்குப் படிப்பு இருந்தது? யாரும் சாதி பார்த்துப் பிரிக்கவில்லை, பள்ளிக்கூடம் ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தது. சாதியைக் கேட்காத இடத்திலும் சாதி இப்படித்தான் வேலை செய்யும். இன்றைக்கு ‘தகுதி’ என்று சொல்கிறார்களே, அதுதான். இவ்வளவுக்கும் நடுவே அந்த முகாமில் பூட்டிக்கு இந்துஸ்தானியில் எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள், துப்பாக்கியைப் பிரித்து மாட்டக் கற்றுக்கொடுத்தார்கள், பாவாடையை எடுத்துவிட்டுக் காக்கிக் கால்சட்டை கொடுத்தார்கள். தோட்டம் அத்தனை வருஷத்தில் கொடுக்காததை இது கொடுத்தது. இந்த நன்மையையும் அந்த ஓரவஞ்சனையையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடிக்கத் தெரிந்த விமர்சனம்தான் நமக்கு வேண்டும். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பதை மற்றவர்கள் நன்றாகவே செய்கிறார்கள்.

7

1944இல் பூட்டியின் அணி ரங்கூனுக்கு ரயிலில் போனது. சயாம் வழியாக. வேறு ரயில் பாதை கிடையாது. அய்யா போட்ட பாதை.

அவளுக்கு அது தெரியும். அம்மாச்சியிடம் சொல்லியிருக்கிறாள். பாலத்தில் ரயில் மெதுவாகப் போகும்போது மற்றதுகள் ‘சலோ டில்லி’ கத்தும். தான் மட்டும் கீழே குனிந்து கட்டைகளைப் பார்த்துக்கொண்டே வந்ததாக. எந்தக் கட்டை என்று தெரியாதே என்று சொன்னாளாம். இதற்கு மேல் எனக்கு எழுத வரவில்லை.

1945 ஏப்ரல் 24இல் போஸ் ரங்கூனை விட்டுப் பின்வாங்கினார், ராணிப் படைப் பெண்களோடு. லாரி கொஞ்ச தூரம், மிச்சம் நடை. பகலில் விமானம் குண்டு போடும், ராத்திரியில் நடக்க வேண்டும். பூட்டியின் குதிகாலில் ஒரு தழும்பு கடைசிவரை இருந்தது. பின்வாங்கலின்போது வேறொரு அணி போன ரயிலைப் பர்மியக் கொரில்லாக்கள் தாக்கியதில் இரண்டு பெண்கள் செத்தார்கள். ஸ்டெல்லா, ஜோசஃபின். புத்தகங்களில் பெரும்பாலும் இந்த அளவுதான், வெறும் பேர். லட்சுமிக்கு சுவாமிநாதன் இருக்கிறது, ஜானகிக்குத் தேவர் இருக்கிறது. செத்துப்போனவர்களுக்கு முன்பேர் மட்டும். நான் அதில் நிற்கிறேன். என் பூட்டி செத்திருந்தாலும் இப்படித்தான் ஒற்றைப் பேராக நின்றிருப்பாள். உயிரோடு வந்ததால் அதுவும் இல்லை.

செங்கோட்டை வழக்கு நாட்டையே உலுக்கியபோது பூட்டி மறுபடி பெரட்டில் நின்றாள். துரை திரும்பி வந்துவிட்டான். கிராணி பேர் வாசித்தார். அம்மாச்சி 1947இல் லயத்தில்தான் பிறந்தது.

8

மலேசியாவில் 1969 கலவரத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டத்தை இறுக்கினார்கள். அப்போது சுமார் 60,000 தோட்டத் தமிழர்கள் வெளியேறினார்கள். பிறந்த மண்ணிலேயே பூட்டியிடம் இருந்தது சிவப்பு அட்டை. நீல அட்டைக்கு எழுதிப்போடச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. 1970இல் மகள், மருமகன், நாலு வயசுப் பேத்தியோடு ‘ரஜுலா’ கப்பலில் வந்தாள். அந்தப் பேத்திதான் என் அம்மா.

அவள் அய்யா விட்டுப்போன ஊர் அப்படியே இருந்தது. டீக்கடையில் தனிக் குவளை. தெருவில் செருப்பைக் கையில் எடுக்க வேண்டும். துரைக்கு முன் சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்றவரின் மகள் செருப்பைக் கழற்றினாள்.

எங்கள் பக்கத்தில் நேதாஜி யாருடைய சாமி என்று உங்களுக்குத் தெரியும். ஃபார்வர்டு பிளாக் கட்சி முத்துராமலிங்கத் தேவரின் தலைமையில் தென்மாவட்டங்களில் வேரூன்றிய காலத்திலிருந்து, அந்தப் படம் ஊருக்குள் தொங்குகிறது. சேரியில் தொங்கவில்லை. ராணுவத்தில் இருந்து திரும்பி வந்து, சமமாக நடத்து என்று கேட்ட இம்மானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11இல் பரமக்குடியில் கொல்லப்பட்டார். அந்த மண்ணில் நேதாஜி படத்துக்கு நாங்கள் எந்த மனசோடு நிற்பது?

அம்மா பத்துப் பதினொரு வயசில் பார்த்ததைச் சொல்கிறது. ஒரு ஜனவரி 23. ஊர் முக்கில் படத்துக்கு மாலை போட்டு ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். களை பறித்துவிட்டுத் திரும்பிய பூட்டி ரோட்டுக்கு இந்தப்பக்கம், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்து ‘ஜெய்ஹிந்த்’ என்றாளாம். இளவட்டங்கள் சிரித்தார்கள். ‘மலாயாக்காரிக்குக் கிறுக்குடா’ என்று ஒருத்தன் சொன்னான். அந்தக் கூட்டத்தில் நேதாஜியை நேரில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அவளால் ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு பூப் போட முடியவில்லை.

தியாகிகள் ஓய்வூதியம் 1972இல் மத்திய அரசு கொண்டுவந்தது. யாரோ சொல்லி அம்மாச்சி ஒரு அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது. ஆதாரம் கேட்டார்கள். ‘ஏக் தோ’ சொல்லிக் காட்டவா என்று பூட்டி கேட்டாளாம். அதோடு முடிந்தது.

9

படைக்கு ஜான்சி ராணியின் பேரை வைத்தார்கள். அதே ஜான்சிப் படையில் ஜல்காரிபாய் என்று ஒருத்தி இருந்தாள். கோரி சாதிப் பெண். 1858 முற்றுகையில் ராணியைப் போலவே வேஷம் போட்டு வெள்ளைக்காரனைத் திசை திருப்பினாள் என்று புந்தேல்கண்ட் தலித்துகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தார்கள். வாய்மொழி என்று ஒதுக்கப்பட்ட அந்தக் கதை சேரியிலிருந்து மேடைக்கு வந்து, அரசியலாகி, 2001இல் தபால்தலையாகவும் வந்தது. அதைச் சாதித்தது ஆவணக் காப்பகம் இல்லை. சொல்லிக்கொண்டே இருந்த சனம். ராணியின் பேரில் படை கட்டியபோது ஜல்காரியை யாருக்கும் நினைவில்லை. ஆனால் அந்தப் படையின் வரிசையில் நின்றவர்கள் பெரும்பாலும் ஜல்காரிகள்.

தோழர்களே, இதில் எனக்கு ஒரு வேண்டுகோள்தான். உங்கள் சேரியிலும் மலாயாக்காரி, ரங்கூன்காரி, சிலோன்காரி என்று ஊர் வைத்த பேரோடு கிழவிகள் இருந்திருப்பார்கள். அவர்கள் போய்விட்டார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகளுக்கு எழுபதும் எண்பதும் ஆகிறது. இந்த வருஷமே போய்க் கேளுங்கள். எத்தனை பேரைச் சுட்டாள், நேதாஜியைப் பார்த்தாளா என்று ஆரம்பிக்காதீர்கள்; அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இருக்காது, வெட்கப்பட்டு எழுந்துபோய்விடுவார்கள். என்ன சாப்பிட்டாள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள், யார் எழுந்து போனார்கள் என்று கேளுங்கள். அங்கிருந்து பேச்சு வரும். வருவதை வருகிறபடியே, அவர்கள் வாய்ப்பேச்சிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள்.

நான் இதை எழுதி முடித்து அம்மாச்சிக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அந்தக் கஞ்சியில உப்பு இருக்காதாம், அத எழுதலயே” என்றது.

எழுதிவிட்டேன்.